காஸ்ட் அயர்ன் புல்லட் மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பத்து கிக் அடித்தும் வண்டி எழும்பவில்லை, அலுவலகத்துக்கு நேரமாகிறது, மெக்கானிக் போனை எடுக்கவில்லை. அப்படி நிற்பவர் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் பேசுவது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 பற்றி மட்டும். 70 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பாயிண்ட் இக்னிஷன் (பாயிண்ட் என்ற இரு உலோக முனைகள் மூடித் திறந்து பொறி தரும் முறை), மிக்கார்ப் கார்ப்ரேட்டர். 1955-இல் மதராஸில் தொடங்கிய தயாரிப்பு. திருவொற்றியூரிலிருந்து பல பத்தாண்டுகள் அடிப்படை மாறாமலே வந்த எஞ்சின் என்பதால், அப்பா காலத்து வண்டிக்குச் சொல்வது பெரும்பாலும் மகன் வாங்கிய வண்டிக்கும் பொருந்தும். பாயிண்டுக்குப் பதில் சிடிஐ (மின்னணு இக்னிஷன்) மாட்டிய வண்டியாக இருந்தால் பாயிண்ட் பற்றிய பகுதிகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

என் வண்டி 1989 மாடல், அப்பா ஓட்டியது. என் கைக்கு வந்தபோது பிளக் எங்கே இருக்கிறது என்று கூட எனக்குத் தெரியாது. வழியில் நின்று நின்றுதான் கற்றுக்கொண்டேன். மதுரையில் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணன் முதல் நாளே சொன்னதை இன்றுவரை மீறுவதில்லை: "தம்பி, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்து. ரெண்ட மாத்திட்டா எது சரி பண்ணுச்சுன்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

## கையில் இருக்க வேண்டியவை

பிளக் ஸ்பேனர், தட்டைத் திருப்புளி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), நைசான உப்புத்தாள், பனியன் வேஸ்ட், இரண்டு ஒயர் வைத்துப் பற்றவைத்த ஒரு டெஸ்ட் பல்பு. உதிரியாக ஒரு பிளக், ஒரு பாயிண்ட் செட், ஒரு கண்டன்சர் (பாயிண்ட் முனையில் பொறி தெறிக்காமல் காக்கும் சிறு குப்பி), இரண்டு ஃபியூஸ், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், கொஞ்சம் கட்டுக்கம்பி. எல்லாம் சைடு பாக்ஸில் அடங்கும். உதிரியாக வைத்திருக்கும் பாயிண்டும் கண்டன்சரும் வண்டியில் ஒருமுறை மாட்டி ஓட்டிப் பார்த்தவையாக இருக்கட்டும். பெட்டியைப் பிரிக்காத புதுக் கண்டன்சரே சொத்தையாக இருந்து நடு ரோட்டில் ஒரு மணி நேரம் அலைந்திருக்கிறேன். பழுது கண்டன்சரில்தான் என்று சரியாகக் கண்டுபிடித்து, புதிதை மாட்டி, அதுவும் வேலை செய்யாததால் என் கணிப்பையே சந்தேகப்பட்டு, வேறு எதையெல்லாமோ கழற்றினேன்.

## அறிகுறி 1: கிக் அடித்தால் எழும்பவே இல்லை

முதலில் அரை நிமிட வேலை. டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டி, பெட்ரோல் சத்தம் கேளுங்கள். பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வுக்குத் தள்ள வேண்டுமா என்று பாருங்கள். பிளக் கேப் கழன்று தொங்குகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரி என்றால் ஆம்பியர் மீட்டருக்கு வாருங்கள்.

இந்த வண்டியில் கோளாறு பார்க்க ஆம்பியர் மீட்டரை விட நல்ல கருவி கிடையாது. ஹெட்லைட்டை அணைத்துவிட்டு சாவியைப் போடுங்கள். டீகம்ப்ரசரை (வால்வைத் திறந்து கிக்கரை இலகுவாக்கும் லீவர்) பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திக்கொண்டே ஊசியைக் கவனியுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது ஊசி மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். பார்த்து முடித்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடி கிடந்தால் இக்னிஷன் காயில் (பொறிக்கு மின்னழுத்தத்தை ஏற்றும் சுருள்) சூடேறும், பேட்டரியும் இறங்கும்.

### ஊசி அசையவே இல்லை

ஹாரன் அடித்துப் பாருங்கள்.

ஹாரனும் இல்லை என்றால் ஃபியூஸ், பேட்டரி முனை, சாவி சுவிட்ச், இந்த வரிசை. ஃபியூஸ் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் பிடிப்பில் துரு ஏறியிருக்கலாம். எடுத்துத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். பேட்டரி முனையில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் இறுக்கி, வாசலின் தடவுங்கள். புது ஃபியூஸ் போட்டதும் உடனே போகிறது என்றால் எங்கோ ஒயர் பாடியில் உரசுகிறது. ஹெட்லைட் கூட்டுக்குள்ளும், ஹேண்டில் திரும்பும் இடத்திலும், டேங்கின் அடியிலும் முதலில் தேடுங்கள்.

ஹாரன் அடிக்கிறது, ஊசி மட்டும் அசையவில்லை என்றால் பாயிண்ட் அழுக்காகியிருக்கும், அல்லது காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயர் விட்டிருக்கும். பாயிண்ட் மூடியைத் திறந்து, இரண்டு முனைக்கும் நடுவே உப்புத்தாளை மடித்து விட்டு நான்கு இழு இழுங்கள். பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளை விட்டுத் துடையுங்கள், தாளில் கறுப்பு வராத வரை. உப்புத்தாளோடு நிறுத்திவிட்டால் அதன் தூள் முனையில் தங்கி அதுவே மின்சாரத்தைத் தடுக்கும். மழைக்காலத்தில் இரண்டு வாரம் நின்ற வண்டிக்குப் பெரும்பாலும் இந்த வைத்தியமே போதும்.

### ஊசி மைனஸிலேயே நிற்கிறது

பாயிண்ட் திறக்கவில்லை. கேம் (பாயிண்டைத் திறக்கும் சுழல் துண்டு) மேல் உரசும் பாயிண்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி மூடியிருக்கும். முழுதாகத் திறக்கும் இடத்துக்கு எஞ்சினைக் கொண்டுவந்து 0.35 முதல் 0.40 மி.மீ. வையுங்கள். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் விசிட்டிங் கார்டு ஒன்றை வைத்து ஒப்பேற்றி வீடு வந்து சேரலாம், வந்ததும் கேஜ் போட்டுச் சரி செய்துவிடுங்கள். கேம் மேல் ஒரு பொட்டு கிரீஸ் வைக்க மறக்க வேண்டாம், அது காய்வதால்தான் குதிகால் தேய்கிறது. கிரீஸ் கூடினால் முனையில் தெறிக்கும்.

இடைவெளி சரியாக இருந்தும் ஊசி நடுவுக்கு வரவில்லையா? கண்டன்சர் ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது ஊசி ஆடினால் கண்டன்சர் உள்ளே ஷார்ட். ஆடவில்லையென்றால் பாயிண்ட் தட்டில் ஒயர் பிடிக்கும் இடத்தில் இருக்கும் ஃபைபர் வாஷர் உடைந்திருக்கும், அல்லது இடம் மாறி மாட்டியிருப்பீர்கள். பாயிண்டை முதல் முறை தானே மாற்றுகிற எல்லோரும் அந்த வாஷரில் ஒருமுறையாவது தவறுவார்கள்.

### ஊசி ஒழுங்காக ஆடுகிறது, ஆனாலும் எழும்பவில்லை

பிளக்கைக் கழற்றுங்கள். அதன் நிலையைப் பார்த்து இனி வழி பிரியும்.

முதலில் பொறி. பிளக்கைக் கேப்பில் மாட்டி, பிளக் துளையிலிருந்து தள்ளி ஹெட்டின் உலோகத்தில் படும்படி வைத்து கிக் அடியுங்கள். துளைக்குப் பக்கத்திலேயே வைத்தால் உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். வெயிலில் பொறி தெரியாது, நிழலில் பாருங்கள். நீலமாகச் சடசடவென்று அடித்தால் நல்லது. மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் வேறு பிளக் போட்டுப் பாருங்கள், பிறகு கேப், பிறகு கண்டன்சர், கடைசியாகக் காயில். பாயிண்ட் முனையிலேயே பெரிய பொறி தெறிக்கிறது என்றால் நேராகக் கண்டன்சரை மாற்றலாம்.

பொறி நன்றாக இருந்து பிளக் *காய்ந்திருந்தால்* பெட்ரோல் வரவில்லை. கார்ப்ரேட்டரில் சேரும் இடத்தில் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தாரையாகக் கொட்ட வேண்டும். சொட்டினால் டேப்பின் ஜாலி (வடிகட்டும் சல்லடை) அடைத்திருக்கும், அல்லது டியூப் உள்ளே உப்பிப் போயிருக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூபும் ரப்பர் வாஷரும் அதில் சீக்கிரம் உப்பும், ஈரத்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். டியூபை நான் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் டேப்பை மூடி, ஃப்ளோட் கிண்ணத்தை (கார்ப்ரேட்டரில் மிதவையோடு பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) காலி செய்துவிடுங்கள். டியூப் வரை நன்றாக வருகிறது என்றால் கிண்ணத்தைத் திறந்து ஃப்ளோட் ஊசியையும் ஜெட்டுகளையும் கழற்றிக் காற்றடித்து ஊதுங்கள். ஜெட் துளைக்குள் கம்பி விட வேண்டாம். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் மைலேஜ் போய்விடும், திரும்ப வராது.

பிளக் *நனைந்திருந்தால்* ஓவர்ஃப்ளோ. சாவியை அணைத்து, டேப்பை மூடி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகி, டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு ஆறேழு கிக் அடியுங்கள். பிளக்கைத் துடைத்து வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் ஃப்ளோட் ஊசி தேய்ந்திருக்கும், அல்லது ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் ஏறியிருக்கும். காதருகே ஆட்டினால் சத்தம் கேட்கும்.

### பொறி உண்டு, பெட்ரோல் உண்டு, உயிர் மட்டும் இல்லை

கிக்கர் மேல் ஏறி நில்லுங்கள். நல்ல எஞ்சின் உங்கள் எடையை ஒரு கணமாவது தாங்கிப் பிறகுதான் இறங்கவிடும். வெண்ணெயில் கத்தி போவது போல இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. பதறி எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். டீகம்ப்ரசர் கேபிள் இறுகி வால்வைத் திறந்தே வைத்திருக்கிறதா என்று பாருங்கள். கேபிளுக்குக் கொஞ்சம் தொய்வு வேண்டும். அடுத்து டேப்பட் (வால்வைத் தள்ளும் புஷ் ராடின் தொய்வை வைக்கும் இடம்) இறுகியிருக்கிறதா என்று பாருங்கள் (அறிகுறி 5). இரண்டும் சரி என்றால் பிளக் துளை வழியாக ஒரு மூடி எஞ்சின் ஆயில் ஊற்றி இரண்டு கிக் அடித்து மறுபடி ஏறி நில்லுங்கள். இப்போது தாங்கினால் ரிங்கு தேய்மானம், அப்போதும் தாங்காவிட்டால் வால்வு. இரண்டுக்குமே மெக்கானிக்கிடம் போகும் நேரம் இது.

## அறிகுறி 2: கிக்கர் திருப்பி அடிக்கிறது

இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ரிவர்ஸ் அடித்து கணுக்கால் உடைந்தவர்களை எனக்குத் தெரியும். செருப்போடு கிக் அடிக்க வேண்டாம்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது கிக் அடிக்கும் முறையை. கிக்கரை மெதுவாக அழுத்துங்கள், இறுக்கம் வரும் இடத்தில் நிற்கும். டீகம்ப்ரசரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டர் ஊசி நடுவுக்கு வந்த பிறகு ஒரு பொட்டு மட்டும் தாண்டவிடுங்கள். டீகம்ப்ரசரை விட்டுவிட்டுக் கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதியாகக் கீழ்வரை மிதியுங்கள். பாதியில் காலைத் தளர்த்தினால் திருப்பி அடிக்கும். ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்துக்கொண்டு அடிப்பதும் வேண்டாம்.

முறை சரியாக இருந்தும் திருப்பி அடித்தால் பாயிண்ட் இடைவெளியை அளங்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் (பொறி விழும் நேரம்) முன்னே போய்விடும். நிறையப் பேர் பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளியைத் தாராளமாக வைத்துவிட்டு அடுத்த நாள் காலை கால் வலியோடு வருகிறார்கள். இடைவெளியை வைத்த பிறகுதான் டைமிங். அதைத் தலைகீழாகச் செய்தால் இரண்டும் வீண்.

அடுத்து, ஆட்டோ அட்வான்ஸ், அதாவது வேகம் கூடும்போது எடைக்கட்டிகள் விரிந்து டைமிங்கை முன்னே தள்ளும் அமைப்பு. பாயிண்ட் கேமை விரலால் அது சுற்றும் திசையில் திருப்பிவிடுங்கள். ஸ்பிரிங் பிடித்துத் தானே திரும்பி வர வேண்டும். பழைய கிரீஸ் பசையாகி எடைக்கட்டிகள் விரிந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டால் டைமிங் எப்போதும் முன்னால் நிற்கும். மண்ணெண்ணெயில் கழுவி இரண்டு சொட்டு ஆயில் விட்டால் போதும்.

கடைசியாக டைமிங். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பிளக்கைக் கழற்றி, நான்காவது கியரில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிஸ்டனை மயிரிழை மயிரிழையாக நகர்த்தலாம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தை, பிளக் துளையில் ஒரு ஸ்போக் கம்பி விட்டுக் கண்டுபிடியுங்கள். துளை சாய்வாக இருப்பதால் கம்பி மாட்டிக்கொள்ளாமல் கவனம். உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும், கேம் பின்தங்கிய நிலையில், அதாவது எடைக்கட்டிகள் விரியாதபோது. திறக்கும் கணத்தை அறிய, பாயிண்ட் முனைகளுக்கு நடுவே சிகரெட் தாளை வைத்து லேசாக இழுத்துக்கொண்டே சக்கரத்தை நகர்த்துங்கள். தாள் வழுக்கி வரும் இடம்தான் திறக்கும் இடம். முன்பின் இருந்தால் அடித்தட்டின் திருகுகளைத் தளர்த்தித் திருப்பி வையுங்கள். சக்கரத்தை எப்போதும் முன்னோக்கியே நகர்த்தி அளவிடுங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னே வாருங்கள், இல்லையேல் செயினின் தொய்வு கணக்கைக் கெடுத்துவிடும். எனக்கு முதல் முறை இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. இப்போது அரை மணி நேரம்.

## அறிகுறி 3: கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி எழும்புகிறது

மனிதனைப் பைத்தியமாக்கும் கோளாறு இது. நின்ற *அந்தக் கணமே* பார்த்தால்தான் பிடிக்க முடியும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

நின்றதும் முதல் வேலை, டேங்க் மூடியைத் திறப்பது. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி எழும்பினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது என் வண்டி ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்றது. பிளக் மாற்றினேன், பாயிண்ட் தேய்த்தேன், கார்ப்ரேட்டரை ரோட்டோரக் கட்டைச் சுவரில் வைத்துப் பிரித்தேன். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் எழும்பியது, ஒவ்வொரு முறையும் நான்தான் சரி செய்தேன் என்று நினைத்தேன். வேலை பார்த்த நேரத்தில் டேங்குக்குள் காற்று மெதுவாக இறங்கியதுதான் காரணம். அந்த வாரம் ஆசையாக வாங்கிப் போட்ட ரெக்சின் டேங்க் கவர் மூடியை இறுக்கிப் பொத்தியிருந்தது. பெருமாள்மலைப் பக்கம் பெட்ரோல் அளவு பார்க்க மூடியைத் திறந்தபோதுதான் அந்த உஸ் சத்தம் கேட்டது.

மூடியில் குறை இல்லையென்றால் டியூபைக் கழற்றிப் பெட்ரோல் தாரையைப் பாருங்கள். முதலில் கொட்டி, பிறகு மெலிந்து சொட்டினால் டேங்குக்குள் துரு. டேப்பைக் கழற்றி ஜாலியைக் கழுவுங்கள். டேங்கையே கழுவ வேண்டிய நிலை என்றால் ஒரு கைப்பிடி சிறிய நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்குங்கள். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்.

பெட்ரோலும் சரி என்றால் அங்கேயே பொறி பாருங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறினால் பொறி உண்டு என்றால் கண்டன்சர், அடுத்து காயில். கண்டன்சர் மலிவு என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். எழும்பவிடாமல் சூட்டிலேயே இறுகும் எஞ்சின், அதாவது கிக்கரே இறங்கவில்லை என்றால், அது சீஸ் (பிஸ்டன் சிலிண்டரில் இறுகிக்கொண்டது). ஆறும்வரை தொடாதீர்கள், ஆயில் அளவைப் பாருங்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டோ குட்டி யானையில் ஏற்றியோ மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். ஆறியதும் கிக் இறங்குகிறதே என்று ஓட்டிப் போனால் சிலிண்டரில் விழுந்த கோடு ஆழமாகிவிடும்.

## அறிகுறி 4: மிஸ்ஸிங், பட்டாசு, ஸ்லோ ஸ்பீடு நிற்கவில்லை

நன்றாக ஓடி வந்து சட்டென்று சாவியை அணைத்து நிறுத்திய பிறகு பிளக்கைப் பாருங்கள். காபித்தூள் நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல்: சோக் திரும்பியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் காற்று கூடுதல். அந்த நிலையில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம்.

காற்று பெரும்பாலும் கார்ப்ரேட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் புகும். ஸ்லோ ஸ்பீடில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல்) ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றி சோப்புத் தண்ணீரைத் துளித்துளியாக விடுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கேதான் காற்று இழுக்கிறது. பேக்கிங் மாற்றுங்கள், நட்டை ஒரே பக்கம் இறுக்கிவிடாமல் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

ஆக்சிலேட்டரை விடும்போது மட்டும் சைலன்சரில் பட்டாசு வெடித்தால் சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடம் தளர்ந்திருக்கும். கார்ப்ரேட்டர் வழியாகத் தும்மினால் பெட்ரோல் குறைவு, அல்லது டைமிங், அல்லது இன்லெட் டேப்பட் இறுக்கம்.

ஸ்லோ ஸ்பீடு வைக்க, ஏர் ஸ்க்ரூவை உள்ளே முட்டும்வரை மெல்லத் திருகி ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் சூடானதும் அங்கிருந்து கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பி, எங்கே சத்தம் சீராக உயர்கிறதோ அங்கே விடுங்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் ரேஸ் ஆகிறது என்றால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது, கார்ப்ரேட்டரில் கை வைக்க வேண்டாம்.

## அறிகுறி 5: புதுச் சத்தம்

டிக் டிக், மேலே: டேப்பட். எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது, இரவு நிறுத்தி மறுநாள் காலையில், பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் வைத்து டேப்பட் கதவைத் திறங்கள். புஷ் ராடை இரு விரலால் பிடித்துச் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் ஒரு துளி தொய்வு இருக்கட்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு நகரும் என்பதால் இறுக்கிய பிறகு மறுபடி சுழற்றிப் பாருங்கள். சத்தமே வேண்டாம் என்று இறுக்கிவிட்டால் வால்வு கருகும். கொஞ்சம் டிக் டிக் இருப்பதில் தப்பே இல்லை.

கிணுகிணுவென்று, மேடு ஏறும்போது மட்டும்: டைமிங் முன்னால் இருக்கிறது. அறிகுறி 2-க்குப் போங்கள்.

சரசரவென்று இடது பக்கம்: பிரைமரி செயின் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்). பார்க்கும் துளை வழியாக அழுத்தினால் மேலும் கீழுமாகக் கால் அங்குலம் போல ஆடலாம்.

குளிர்ந்த எஞ்சினில் தட்டல், சூடானதும் மறைகிறது: பிஸ்டன் தேய்மானம். ஆயிலும் குடிக்கவில்லை, புகையும் இல்லை என்றால் பல ஆயிரம் கிலோமீட்டர் இப்படியே ஓட்டலாம்.

அடியிலிருந்து கனமான டொக் டொக், ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடுகிறது: நிறுத்துங்கள். பிக் எண்ட் (கன்ராடு, அதாவது பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டு, கிராங்கில் சேரும் இடத்துப் பேரிங்). வீட்டுக்குப் பக்கம்தானே என்று ஓட்ட வேண்டாம். கன்ராடு உடைந்து கிராங்க் கேஸைத் துளைத்துவிட்டால் செலவு பல மடங்கு. இது லேத்தும் பிரஸ்ஸும் உள்ள பட்டறை வேலை, வீட்டு வாசலில் முடியாது.

## அறிகுறி 6: ஆயில்

ஒழுகல் தொடங்கினால் பேக்கிங் வாங்க ஓடுவதற்கு முன் பிரீதர் பைப்பை (எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாய்) பாருங்கள். அது மடிந்தோ அடைத்தோ இருந்தால் உள்ளழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங் வழியாகவும் ஆயில் கசியும். அடுத்து டேப்பட் கதவு. அந்த ஒற்றை நட்டை இறுக்க இறுக்கக் கதவு வளையும், ஒழுகல் கூடும். கதவைக் கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமனாக்கி, புது பேக்கிங் போட்டு, அளவாக இறுக்குங்கள்.

பல நாள் நின்ற வண்டி எழும்பியதும் வெள்ளை நீலமாகப் புகைவிட்டு ஐந்து நிமிடத்தில் தெளிந்தால், ஆயில் தொட்டியிலிருந்து பம்ப் வழியாக கிராங்க் கேஸுக்கு இறங்கியிருக்கிறது. பயம் வேண்டாம். ஆனால் அந்த நேரம் ஸ்டிக்கில் ஆயில் குறைவாகக் காட்டும். நம்பி மேலும் ஊற்றிவிடாதீர்கள், ஓட்டி வந்த பிறகு அளந்து பாருங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலப் புகை என்றால் ரிங்கு அல்லது போர். அது பட்டறை வேலை.

எஞ்சின் வேலை எது செய்தாலும், ஆயில் மாற்றினாலும், ராக்கருக்கு (ஹெட்டில் வால்வை அழுத்தும் நெம்புகோல்) போகும் ஆயில் பைப்பின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி எஞ்சினை ஓடவிடுங்கள். ஆயில் கசிந்து வர வேண்டும். வரவில்லையென்றால் உடனே அணையுங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

## அறிகுறி 7: கிளட்சும் கியரும்

காலையில் முதல் கியர் போட்டதும் வண்டி துள்ளினால் பிளேட்டுகள் ஒட்டியிருக்கின்றன. சாவி போடும் முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு நான்கு கிக் அடியுங்கள். ரேஸ் ஆகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கேபிளுக்குத் தொய்வு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பிளேட் மாற்ற யோசிக்க வேண்டும். நியூட்ரல் கிடைக்கவில்லையென்றால் இரண்டு, மூன்று, நான்கு எந்தக் கியரிலிருந்தும் குதிகாலால் நியூட்ரல் ஃபைண்டரை (நேராக நியூட்ரலுக்குக் கொண்டுவரும் தனி மிதி) மிதிக்கலாம், முதல் கியரிலிருந்து முடியாது. ஓடும்போது கியர் தானாக நழுவினால் லிங்க் அட்ஜஸ்ட்மெண்டை ஒருமுறை முயன்று பாருங்கள், தீராவிட்டால் கியர்பாக்ஸைத் திறக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

## பட்டறையில் விடும்போது

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். "அண்ணே, ஊசி ஆடுது, பொறி நீலமா வருது, பிளக் காய்ஞ்சிருக்கு, டியூப் வரைக்கும் பெட்ரோல் வருது" என்று சொல்லுங்கள். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள், அவரும் உங்களை மதித்துப் பேசுவார். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிஸ்டன், வால்வு, பேரிங் மாற்றினால் எங்கே தேய்ந்திருக்கிறது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். லேத்துக்குச் சிலிண்டரை அனுப்பும் முன் பிஸ்டனை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும், போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது. சென்னையில் இருப்பவர்கள் பழைய மாடல் சாமானுக்குப் புதுப்பேட்டையில் ஒரு நாள் செலவழிக்கலாம், பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

போர் வேலை முடிந்து வந்த வண்டியை முதல் 500 கிலோமீட்டர் 50-க்கு மேல் விரட்ட வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம். 500 ஆனதும் ஆயிலை மாற்றுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு, அடுத்து டேப்பட்டைப் பாருங்கள். நட்டு இறுகினால் டேப்பட் அளவும் மாறும்.